ஆயில் எஞ்சினில் ‘டைமிங்’ பார்ப்பது எப்படி?

விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சியைச் சுற்றிலும் நெல், கரும்பு, மணிலா ஆகிய பயிர்கள் சாகுபடியாகின்றன. 1990இல் தமிழ்நாட்டில் விவசாயப் பம்புசெட்டுகள் அனைத்துக்கும் மின்சாரம் இலவசம் என்று ஆன பின்பும், மின் இணைப்புக்குக் காத்திருப்பவர்களும், கிணறு ஓரிடமும் நிலம் வேறிடமுமாக உள்ளவர்களும், வாய்க்கால், குட்டையிலிருந்து இறைப்பவர்களும் ஆயில் எஞ்சினைத்தான் நம்பியிருக்கின்றனர். மின் மோட்டார் வைத்திருப்பவர்களிலும் பலர், அவசரத்துக்கு உதவும் என்று பழைய எஞ்சினைக் கொட்டகையில் வைத்திருக்கின்றனர்.

இத்தகைய எஞ்சின்களில் அடிக்கடி கேட்கப்படும் குறைகள் மூன்று. ‘புகை தள்ளுகிறது’, ‘இழுவை இல்லை’, ‘டீசல் அதிகம் குடிக்கிறது’ என்பவை அவை. உடனே யாராவது ஒருவர் “டைமிங் போய்விட்டது” என்று சொல்லி, டீசல் பம்பைக் கழற்றத் தொடங்கிவிடுகிறார். டைமிங் என்பது என்ன, அது உண்மையிலேயே மாறியிருக்கிறதா என்பதைச் சோதிக்காமல் கழற்றினால், சரியாக இருந்ததும் கெட்டுவிடும். சோதிப்பதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு ஸ்பானர், ஒரு துண்டு நூல், ஒரு சாக்பீஸ், கொஞ்சம் பொறுமை ஆகியவை போதும்.

தீ எப்போது பற்ற வேண்டும்?

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினின் தத்துவமே இன்றும் ஆயில் எஞ்சின்களில் உள்ளது. சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் மேலேறி அழுத்துகிறது. பதினாறு, பதினேழு பங்கு இடத்தில் இருந்த காற்று ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கப்படும்போது அதன் சூடு 500 டிகிரி செல்சியசைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் டீசலை நாசில் வழியாகப் பனிபோல் பீய்ச்சினால் அது தானே பற்றிக் கொள்கிறது. அந்த எரிப்பின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது.

இங்கேதான் நேரக் கணக்கு வருகிறது. டீசல் உள்ளே விழுந்த அதே கணத்தில் பற்றுவதில்லை. துளிகள் சூடேறி, ஆவியாகி, காற்றுடன் கலந்து, பிறகே பற்றுகின்றன. இதற்கு ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலான நேரம் ஆகும். பம்பிலிருந்து நாசில் வரையுள்ள குழாயில் அழுத்தம் ஏறவும் சிறிது நேரம் வேண்டும். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு டீசலை அனுப்பினால், அது பற்றுவதற்குள் பிஸ்டன் இறங்கத் தொடங்கிவிடும்; எரியும் டீசலின் வேகம் வீணாகும். உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே அனுப்பினால், பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கீழே திரும்பிய உடனே அழுத்தம் முழுமையாகக் கிடைக்கும்.

ஊஞ்சல் ஆட்டுவதை நினைத்தால் இது விளங்கும். ஊஞ்சல் பின்னுக்கு வந்து முன்னே திரும்பும் கணத்தில் தள்ளினால் சிறு விசையிலேயே வேகம் கூடும். எதிரே வந்து கொண்டிருக்கும்போதே தள்ளினால் கை வலிக்கும், ஊஞ்சலும் தடுமாறும். முன்னே போன பிறகு தள்ளினால் கை காற்றைத் தள்ளும்.

இவ்வாறு முன்கூட்டியே அனுப்பும் அளவைத்தான் ‘அட்வான்ஸ்’ என்கிறார்கள். பிளைவீல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் 360 டிகிரி. அதில் உச்சிக்கு எத்தனை டிகிரி முன்பு டீசல் பம்பு தள்ளத் தொடங்குகிறதோ, அதுவே அந்த எஞ்சினின் டைமிங்.

எத்தனை டிகிரி?

இது எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உட்படப் பல ஆய்வுக்கூடங்களில் சோதனைகளுக்குப் பயன்படும் கிர்லோஸ்கர் டி.வி.1 எஞ்சினை எடுத்துக் கொள்ளலாம். இது நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும், சுமார் 7 குதிரைத்திறன் கொண்ட ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். இதற்கு உச்சிக்கு 23 டிகிரி முன்பு என்று டைமிங் வைக்கப்பட்டுள்ளது. அதற்காக எல்லா எஞ்சினுக்கும் 23 என்று வைத்துவிடக் கூடாது. அவரவர் எஞ்சினுடன் வந்த புத்தகத்தில் உள்ள எண்தான் அவரவருக்குச் சரி.

23 டிகிரி என்பது நேரத்தில் எவ்வளவு? நிமிடத்துக்கு 1,500 சுற்று என்றால் வினாடிக்கு 25 சுற்று. அதாவது வினாடிக்கு 9,000 டிகிரி. 23 டிகிரியைக் கடக்க ஒரு வினாடியில் ஆயிரத்தில் இரண்டரைப் பங்கு நேரமே ஆகிறது. இந்த இரண்டரைப் பங்கில்தான் குழாயில் அழுத்தம் ஏறி, நாசில் திறந்து, டீசல் பற்ற வேண்டும். நாலைந்து டிகிரி மாறினாலும் எஞ்சின் முனகுவதற்கு இதுவே காரணம்.

காருக்கும் ஆயில் எஞ்சினுக்கும் உள்ள வேறுபாடு

பெட்ரோல் கார்களிலும் இதே கணக்கு உண்டு. அங்கே டீசலுக்குப் பதில் தீப்பொறி முந்த வேண்டும். கார் எஞ்சின் ஒரு நேரம் மெதுவாகவும் ஒரு நேரம் மிக வேகமாகவும் சுற்றும். வேகம் கூடும்போது ஒவ்வொரு டிகிரியும் விரைந்து கடந்துவிடுவதால், தீப்பொறி இன்னும் முந்தி வர வேண்டும். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இதற்காகச் சிறு எடைக் குண்டுகளும் ஸ்பிரிங்குகளும் இருக்கும். வேகம் கூடினால் குண்டுகள் விலகி, தீப்பொறியைத் தாமே முந்தச் செய்யும். அதற்கும் முந்திய கார்களில் ஓட்டுநரே கையால் ஒரு லீவரைத் தள்ளி முன்னும் பின்னும் வைத்தார்.

வயலில் உள்ள ஆயில் எஞ்சின் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவது. கவர்னர் அதன் வேகத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. எனவே அந்த ஒரு வேகத்துக்கு ஏற்ற ஒரே டைமிங் போதும். அதைத் தொழிற்சாலையிலேயே வைத்துவிடுகிறார்கள்.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. தண்ணீர் கூடுதலாக வரட்டும் என்று கவர்னர் ஸ்பிரிங்கை இறுக்கி எஞ்சினை அதிக வேகத்தில் ஓட்டுவோர் உண்டு. 1,500 சுற்றுக்கு வைத்த எஞ்சினை 1,800 சுற்றில் ஓட்டினால், டீசல் பற்றுவதற்குக் கிடைக்கும் நேரம் ஆயிரத்தில் இரண்டரைப் பங்கிலிருந்து இரண்டு பங்குக்குச் சற்று மேலாகச் சுருங்கிவிடும். பம்பை யாரும் தொடாமலேயே டைமிங் பிந்தியது போல ஆகும். புகையும் கூடும், தேய்மானமும் கூடும். எஞ்சினின் பெயர்த் தகட்டில் எழுதியிருக்கும் வேகமே அதற்கு உகந்த வேகம்.

முந்தினால் என்ன, பிந்தினால் என்ன?

டைமிங் அளவுக்கு மீறி முந்தினால், பிஸ்டன் மேலே வந்து கொண்டிருக்கும்போதே எரிப்பின் அழுத்தம் அதை எதிர்த்துத் தாக்கும். சுத்தியலால் அடிப்பது போல ‘டக், டக்’ என்று கடுமையான ஓசை கேட்கும். ஹாண்டில் போடும்போது பின்னால் உதைக்கும். தண்ணீர் அதிகம் சூடாகும். நாள்பட்டால் ஹெட் கேஸ்கெட் எரியும். கனெக்டிங் ராடு பேரிங் அடிபடும். கிராங்க் ஷாஃப்டே முறிவதும் உண்டு. கேட்பதற்கு எஞ்சின் ‘கெட்டியாக’ ஓடுவது போல இருப்பதால், சிலர் இதை நல்ல இழுவை என்று எண்ணி ஏமாறுகின்றனர்.

டைமிங் பிந்தினால் ஓசை மென்மையாக இருக்கும், இழுவை இருக்காது. டீசலின் ஒரு பகுதி பிஸ்டன் வெகுதூரம் இறங்கிய பிறகே எரிவதால், அந்தச் சூடு சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதமாகும். குளிர்ந்த எஞ்சினில் வெண்புகையும், பளு ஏறியதும் கரும்புகையும் வரும். 5 குதிரைத்திறன் எஞ்சின் முழுப் பளுவில் மணிக்கு ஒரு லிட்டர் அல்லது சற்றுக் கூடுதலாக டீசல் எடுக்கும். பத்தில் ஒரு பங்கு வீணானால் கூட, நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் இறைப்பவருக்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் புகையாகப் போகிறது. ஒரு போகத்துக்கு எத்தனை நாள் இறைக்கிறோம் என்று பெருக்கிப் பார்த்தால் இழப்பு எவ்வளவு என்பது விளங்கும்.

டைமிங் தானாக மாறுமா?

நன்றாக ஓடிக் கொண்டிருந்த எஞ்சினில் டைமிங் ஒரே நாளில் மாறுவதில்லை. அது மாறுவதற்குப் பெரும்பாலும் இவையே காரணங்கள்:

ஒன்று, டீசல் பம்பைத் தள்ளும் கேமும் டாப்பெட்டும் பல ஆண்டுகளில் தேய்வது. இதனால் டைமிங் சிறிது சிறிதாகப் பிந்தும்.

இரண்டு, பம்பைக் கழற்றி மாட்டும்போது அதன் அடியில் உள்ள ‘ஷிம்’ எனப்படும் மெல்லிய தகடுகளில் ஒன்று தவறிப் போவது, அல்லது அளவு தெரியாமல் கூடுதலாகச் சேர்வது.

மூன்று, எஞ்சினை முழுவதும் பிரித்து மாட்டும்போது கியர் ஒரு பல் தள்ளி விழுவது. கேம் கியரில் 48 பற்கள் உள்ளன என்று வைத்துக் கொண்டால் ஒரு பல்லுக்கு ஏழரை டிகிரி. கேம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் பிளைவீல் இரண்டு சுற்றுச் சுற்றுவதால், பிளைவீலில் அது 15 டிகிரி ஆகிவிடும். ஒரு பல் பிழையே எஞ்சினை ஓடவிடாமல் செய்யப் போதும். எனவே பிரித்து மாட்டியது முதல் தொல்லை என்றால் கியர் குறிகளைப் பார்க்க வேண்டும். யாரும் கை வைக்காத எஞ்சினில் திடீர்த் தொல்லை என்றால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியவை

பம்பில் ஸ்பானர் வைப்பதற்கு முன் கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பார்த்துவிட வேண்டும்.

காற்று வடிகட்டி: களத்துத் தூசியும் வைக்கோல் தூளும் அடைத்திருந்தால் கரும்புகை வரும். எண்ணெய் உள்ள வடிகட்டியாக இருந்தால் பழைய எண்ணெயை மாற்ற வேண்டும்.

டீசல் வடிகட்டியும் குழாயும்: டீசலில் தண்ணீர் கலந்திருந்தாலும், குழாயில் காற்றுப் பிடித்திருந்தாலும் எஞ்சின் விட்டு விட்டு ஓடும்.

நாசில்: துளை அடைத்தோ, ஸ்பிரிங் தளர்ந்தோ போனால் டீசல் பனிபோல் தெளிக்காமல் ஒழுகும். இதனாலும் புகை, இழுவைக் குறைவு, ‘டக் டக்’ ஓசை எல்லாம் வரும். டைமிங் கோளாறு என்று தவறாகக் கருதப்படுவது பெரும்பாலும் நாசில் கோளாறே. விருத்தாசலம் போன்ற ஊருக்குப் போகும்போது நாசிலைத் துணியில் சுற்றி எடுத்துச் சென்று, டீசல் பம்பு சர்வீஸ் கடையில் அழுத்தம் பார்த்து வாங்கி வரலாம். நாசில் தெளிப்பதை ஒருபோதும் கையால் தொட்டுச் சோதிக்கக் கூடாது. அந்த வேகத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும். ஆனால் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அப்படிப் பட்டுவிட்டால் வலி இல்லை என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

டாப்பெட் இடைவெளி: புத்தகத்தில் உள்ள அளவுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வால்வு முழுவதும் மூடாவிட்டால் அழுத்தம் கசியும். டீசல் பற்றத் தாமதமாகும்.

பளு: ஃபுட் வால்வில் குப்பை, பெல்ட் அளவுக்கு மீறி இறுக்கம், பொருத்தமில்லாத புல்லி ஆகியவை இருந்தால் எஞ்சின் திணறும். அது எஞ்சினின் குற்றமல்ல.

இவை எல்லாம் சரியாக இருந்தும் குறை நீடித்தால் டைமிங்கைச் சோதிக்கலாம்.

சோதிக்கும் முறை

எஞ்சினை நிறுத்தி ஆறவிட வேண்டும். பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். வேட்டியையோ லுங்கியையோ இறுக்கக் கட்டிக் கொண்டு, தோளில் உள்ள துண்டை எடுத்து வைத்துவிட வேண்டும். பம்பைச் சுற்றியுள்ள மண், பிசுக்கு எல்லாவற்றையும் டீசல் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் பம்பு கெடும்.

1. டாங்கில் டீசல் இருக்கட்டும். பம்பில் உள்ள காற்று வெளியேற்றும் திருகைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை விட்டு, மீண்டும் இறுக்க வேண்டும்.

2. பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாயைக் கழற்ற வேண்டும். பம்பின் தலையில் உள்ள துளை இப்போது கண்ணுக்குத் தெரியும். நாசில் பக்கத்துத் துளையைச் சுத்தமான துணியால் மூட வேண்டும்.

3. நிறுத்தும் லீவரை ‘ஓடும்’ நிலையில் வைக்க வேண்டும். ‘நிற்கும்’ நிலையில் இருந்தால் பம்பு டீசலைத் தள்ளாது, சோதனை பொய்யாகிவிடும்.

4. டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே பிளைவீலைக் கையால் சுற்ற வேண்டும். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை பம்பின் தலையில் டீசல் பொங்கும். துளை நிறைந்து வழியும்வரை சில சுற்றுகள் சுற்ற வேண்டும்.

5. மீண்டும் பொங்கும் இடம் நெருங்கும்போது நிறுத்தி, காகித முனையால் ஒற்றி, டீசல் மட்டம் துளையின் விளிம்போடு இருக்குமாறு செய்ய வேண்டும். பிறகு பிளைவீலை மிக மிக மெதுவாக நகர்த்த வேண்டும். டீசலின் மேற்பரப்பு அசைந்து எழத் தொடங்கும் அந்தக் கணத்தில் நிறுத்திவிட வேண்டும்.

6. இப்போது பிளைவீலில் உள்ள குறியைப் பார்க்க வேண்டும். பல எஞ்சின்களில் உச்சிக்கு ஒரு குறியும், டீசல் தள்ளத் தொடங்கும் இடத்துக்கு ஒரு குறியும் வெட்டியிருப்பார்கள். இரண்டாவது குறி எஞ்சின் உடம்பில் உள்ள முள்ளுக்கு நேரே நின்றால் டைமிங் சரி. அந்தக் குறி இன்னும் முள்ளுக்கு வந்து சேரவில்லை என்றால் டைமிங் முந்தியிருக்கிறது. முள்ளைத் தாண்டிப் போயிருந்தால் பிந்தியிருக்கிறது.

இடத்தைத் தாண்டிச் சுற்றிவிட்டால், சிறிது பின்னுக்குச் சுற்றி அப்படியே படிக்கக் கூடாது. கியர்ப் பற்களுக்கு இடையே உள்ள தளர்ச்சி கணக்கைக் கெடுக்கும். கால் சுற்றுக்கு மேல் பின்னுக்குப் போய், மறுபடி ஓடும் திசையிலேயே வர வேண்டும். மூன்று முறை செய்து, மூன்றும் ஒன்றுபோல வந்தால்தான் நம்ப வேண்டும்.

குறி அழிந்திருந்தால்

உச்சிக் குறி மட்டும் தெரிகிறது, டீசல் குறி துருவில் அழிந்துவிட்டது என்றால் நூல் கைகொடுக்கும். பிளைவீலைச் சுற்றி நூலை ஒரு சுற்றுச் சுற்றி அதன் நீளத்தை அளக்க வேண்டும். அதை 360ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு எத்தனை என்பது கிடைக்கும். நூல் 180 செ.மீ. என்றால் ஒரு டிகிரிக்கு அரை செ.மீ. எஞ்சின் புத்தகத்தில் 23 டிகிரி என்றிருந்தால் பதினொன்றரை செ.மீ.; 20 டிகிரி என்றிருந்தால் 10 செ.மீ.

உச்சிக் குறியிலிருந்து, பிளைவீல் எந்தத் திசையில் சுற்றுமோ அந்தத் திசையில் விளிம்பை ஒட்டி இந்த நீளத்தை அளந்து சாக்பீசால் கோடு போட வேண்டும். சுற்றும்போது இந்தக் கோடு முதலில் முள்ளைக் கடந்து, பிறகு உச்சிக் குறி வர வேண்டும். எதிர்த் திசையில் கோடு போட்டுவிட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். சரிபார்த்த பின் சாக்பீஸ் கோட்டின் மேல் பெயிண்ட் தடவி வைத்தால் பல ஆண்டுகளுக்கு உதவும்.

உச்சிக் குறியே இல்லாத எஞ்சின் என்றால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

தகடு சேர்ப்பதும் எடுப்பதும்

டைமிங் மாறியிருப்பது உறுதியானால், பம்பின் அடியில் உள்ள ஷிம் தகடுகளால் சரிசெய்யலாம். பம்பு கேமுக்கு மேலே அமர்ந்திருக்கிறது. தகடு சேர்த்தால் பம்பு சற்று உயரும், கேம் பிளஞ்சரைத் தள்ளி டீசலை அனுப்பத் தாமதமாகும், டைமிங் பிந்தும். தகடு எடுத்தால் பம்பு இறங்கும்; டைமிங் முந்தும். சுருக்கமாக, சேர்த்தால் பிந்தும், எடுத்தால் முந்தும்.

சில எஞ்சின்களில் தகட்டுக்குப் பதில் டாப்பெட்டில் திருகு இருக்கும். திருகை உயர்த்தினால் முந்தும், தாழ்த்தினால் பிந்தும்.

ஒரே தடவையில் இரண்டு மூன்று தகடுகளை மாற்றக் கூடாது. ஒரு தகட்டை மாற்றி, மீண்டும் மேற்சொன்னபடி சோதித்து, பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். டப்பாத் தகட்டையோ அட்டையையோ வெட்டி வைப்பது தவறு. அவை நசுங்கி ஒரே வாரத்தில் அளவு மாறிவிடும். பழைய தகடுகள் எத்தனை இருந்தன என்பதைக் கழற்றும்போதே எழுதி வைத்துக் கொள்ள வேண்டும். தகட்டை அளவுக்கு மீறி எடுத்தாலோ திருகை அளவுக்கு மீறி உயர்த்தினாலோ பிளஞ்சர் மேலே இடித்துப் பம்பு உடையும். ஆகையால் மாட்டிய பிறகு முழுதாக இரண்டு சுற்றுக் கையால் சுற்றி, எங்கும் இடிக்கவில்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

உயிருக்கு ஆபத்தான ஒரு தவறு

பம்பைத் திரும்ப மாட்டும்போது, அதன் பக்கவாட்டில் உள்ள ராக் கம்பியின் முனை கவர்னர் கவட்டைக்குள் சரியாக உட்கார வேண்டும். அது வெளியே நின்றுவிட்டால் கவர்னருக்குப் பம்பின் மேல் பிடி இருக்காது. ஸ்டார்ட் செய்தவுடன் எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். பிளைவீல் சிதறி ஆளையே கொல்லக் கூடும்.

இதைத் தவிர்ப்பது எளிது. ஸ்டார்ட் செய்வதற்கு முன் நிறுத்தும் லீவரை முன்னும் பின்னும் அசைத்து, ராக் கம்பி கூடவே நகர்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது பிளைவீலுக்கு நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது. குழந்தைகளை அருகில் விடக் கூடாது. காற்று வரும் வாயை அடைத்து எஞ்சினை நிறுத்துவதற்குத் தட்டையான பலகை ஒன்றைக் கையருகே வைத்திருக்க வேண்டும். ஹாண்டில் போடும்போது கட்டை விரலைச் சுற்றிப் பிடிக்காமல், மற்ற விரல்களின் பக்கமே வைத்துப் பிடித்தால், பின்னால் உதைத்தாலும் விரல் முறியாது.

பலன் கிடைத்ததா என்று அறிய

காதால் கேட்டு முடிவு செய்வதை விட அளந்து பார்ப்பது மேல். வேலை செய்வதற்கு முன் ஒரு நாளும், செய்த பின் ஒரு நாளும் இந்தச் சோதனையைச் செய்யலாம். டாங்கை விளிம்பு வரை நிரப்பி, ஒரு மணி நேரம் வழக்கம் போல் இறைத்து, நிறுத்தி, மறுபடி விளிம்பு வரை நிரப்ப எத்தனை டீசல் பிடித்தது என்று அளக்க வேண்டும். அதே நேரத்தில் 200 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்றும் பார்க்க வேண்டும். கிணற்றில் தண்ணீர் மட்டம் இரு நாளும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். முன்பு எடுத்த நேரத்திலேயே டிரம் நிரம்பி, டீசல் குறைவாகப் பிடித்தால் வேலை பலித்தது என்று கொள்ளலாம். இரண்டும் மாறவில்லை என்றால் குறை டைமிங்கில் இல்லை.

இந்த எண்களை ஒரு நோட்டில் தேதியுடன் எழுதி வைத்தால், அடுத்த முறை எஞ்சின் கெடுவதற்கு முன்பே அது தெரிந்துவிடும்.

ஸ்பிரேயர் வைத்திருப்பவர்களுக்கு

முதுகில் சுமக்கும் பவர் ஸ்பிரேயரும், களையெடுக்கும் சிறு எஞ்சின்கள் பலவும் பெட்ரோலில் ஓடுபவை. இவற்றில் தீப்பொறி உண்டு. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பகுதி பீங்கான். விருத்தாசலத்துக்காரர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதில் விரிசல் கண்டால் தீப்பொறி இடையிலேயே கசிந்துவிடும். பிளக்கை மாற்றிவிட வேண்டும்.

பழைய எஞ்சின்களில் கான்டாக்ட் பாயின்ட் இடைவெளியைச் சரிசெய்தால் டைமிங்கும் அதோடு மாறும். இப்போது வரும் எஞ்சின்களில் பாயின்ட் இல்லை, எலெக்ட்ரானிக் காயில்தான். இவற்றின் டைமிங்கை நாம் மாற்ற வழியில்லை. ஆனால் பிளைவீலைப் பிடித்திருக்கும் சிறு சாவி பாதி வெட்டுப்பட்டால் பிளைவீல் சற்றுத் திரும்பி டைமிங் பிசகிவிடும். பிளக்கும் பெட்ரோலும் சரியாக இருந்தும் கயிறு இழுக்கும்போது பின்னால் உதைத்தால், அந்தச் சாவியைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அதன் விலை மிகச் சொற்பம்.

கவனத்தில் கொள்ள

டைமிங் என்பது ருசிக்கு உப்புப் போடுவது போலக் கூட்டிக் குறைத்துப் பார்க்கும் விஷயமல்ல. ஒரே ஓர் எண். அது எஞ்சின் புத்தகத்தில் இருக்கிறது. அளக்காமல் மாற்றக் கூடாது. அளந்து பார்த்துச் சரியாக இருந்தால், யார் சொன்னாலும் தொடக் கூடாது. நீர் பாய்ச்சும் வேலை மும்முரமாகும் முன்பே, எஞ்சின் ஓய்வாக உள்ள நாட்களில் ஒரு காலை நேரத்தை இதற்கு ஒதுக்கினால், கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் எஞ்சின் நின்று போய் மெக்கானிக்கைத் தேடி ஓட வேண்டிய நிலை வராது.